காவல் நின்றவரின் வீடு



புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகிற நாம் எல்லோரும் சிலாபத்தைக் கடந்துதான் போகிறோம். ஆஸ்பத்திரிக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு, மகளின் கல்யாணச் சாமான் வாங்க என்று எத்தனையோ தடவை போயிருப்போம். சிலாபத்து மீனும் கருவாடும் நமக்குப் பழக்கம். முன்னேஸ்வரம் கோவிலை பஸ்ஸிலிருந்து பார்த்திருப்போம். ஆனால் அந்தச் சிலாபம் பகுதியைச் சேர்ந்த ஒரு சிங்களப் பொலிஸ் சார்ஜன்ட், யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ் நீதிபதிக்குக் காவல் நின்று, அந்தக் கடமையிலேயே உயிரை விட்டார் என்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அவர் பெயர் சரத் ஹேமச்சந்திர. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் எல்லாப் பத்திரிகைகளிலும் அவர் படம் வந்தது. சில நாட்கள் பேசினோம்; பிறகு மறந்துவிட்டோம். மறக்கக் கூடாத மனிதர் அவர். அவரை முன்னிட்டு நமது பிள்ளைகளிடம் நாம் பேச வேண்டிய பேச்சு ஒன்றும் இருக்கிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நல்லூரில் நடந்தது

யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் அப்போது நீதிபதியாக இருந்தவர் மாணிக்கவாசகர் இளஞ்செழியன். வடக்கிலும் கிழக்கிலும் பெயர் தெரிந்த நீதிபதி. 2015 மே மாதம் புங்குடுதீவில் மாணவி வித்தியா கொடுமைப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் அவரும் ஒருவர். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் நான் சொல்லும் இந்தச் சம்பவம் நடந்தது.

ஹேமச்சந்திர அவருடைய மெய்ப்பாதுகாவலர். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, பதினைந்து ஆண்டுகளாக அவரோடு இருந்தவர். நீதிபதிக்கு ஊர் மாற்றம் வரும்போது காவலரும் கூடப் போவார். கடற்கரை ஊரான சிலாபத்தில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்க, அவர் பிழைப்பு வேறு ஊர்களில் கழிந்தது. குடும்பத்தலைவன் தூரதேசத்தில் இருக்க வீட்டைச் சுமப்பது என்னவென்று நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நமது கணவன்மார் சவூதிக்கும் கத்தாருக்கும் போகிறார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்குப் போனார். காத்திருக்கும் வீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

2017 ஜூலை 22, சனிக்கிழமை மாலை. நீதிபதியின் வாகனம் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்கு அண்மையில் வந்தபோது வீதியில் நெரிசல். வழியை ஒழுங்குபடுத்துவதற்காக வீதியில் நின்றார் சார்ஜன்ட். அந்த நேரத்தில் ஒருவன் அவருடைய இடுப்பிலிருந்த துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டான். நீதிபதியுடன் வந்த மற்றக் காவலரும் காயப்பட்டார். நீதிபதிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட ஹேமச்சந்திர மறுநாள் 23ஆம் திகதி அதிகாலையில் உயிர் துறந்தார். அவருக்கு வயது 51.

சுட்டவன் நீதிபதியைக் குறிவைத்துத்தான் வந்தானா என்று அந்த நாட்களில் வாதம் எழுந்தது. நீதிபதியைப் பொறுத்தவரை அதில் சந்தேகம் இருக்கவில்லை: தன்னைக் காக்க நின்றவர் போய்விட்டார், தான் இருக்கிறேன் என்பதே அவருக்குத் தெரிந்த கணக்கு.

முழந்தாளிட்ட நீதிபதி

செய்தி கேட்டுச் சிலாபத்திலிருந்து மனைவி யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அந்த நீதிபதி செய்ததை நாடே பார்த்தது. பெரிய குற்றவாளிகளும் எழுந்து நின்று தலை குனியும் ஒரு மேல் நீதிமன்ற நீதிபதி, அந்தப் பெண்ணின் முன்னால் முழந்தாளிட்டுக் கைகூப்பி அழுதார். அந்த அழுகையில் பதவியும் இல்லை, மொழியும் இல்லை. பிறகு சிலாபத்துக்கு வந்து இறுதிக் கிரியைகளிலும் கலந்துகொண்டார். அந்த இரண்டு பிள்ளைகளையும் தன் பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தார்.

சகோதரிகளே, திகதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜூலை 23. 1983ஆம் ஆண்டு இதே ஜூலை 23ஆம் திகதி இரவில்தான் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அதைக் காரணம் காட்டித் தெற்கில் தமிழ் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. எத்தனையோ உயிர்கள் போயின. முப்பது வருட யுத்தம் அந்தத் தீயிலிருந்து வளர்ந்தது. நல்லூரும் திருநெல்வேலியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சரியாக 34 ஆண்டுகள் கழித்து, அதே நாளில், ஒரு தமிழ் நீதிபதி ஒரு சிங்களக் காவலருக்காகக் கண்ணீர் வடித்தார். யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் கண்டனம் தெரிவித்து வீதிக்கு வந்தார்கள். சாதாரண மக்கள் அனுதாபம் தெரிவித்தார்கள். அந்த மண்ணில் காக்கி உடைக்காக ஊரே துக்கப்படுவது சின்ன விஷயமல்ல.

நீதிபதியின் கண்ணீரை எல்லோரும் பாராட்டினார்கள். என் மனதில் நிற்பது அந்த வாக்குறுதி. அழுகை ஒரு நாளோடு நின்றுவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு பத்து வருடம் வரும். மரணித்தவருக்கு நாம் பட்ட கடனை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் விட்டுப்போன வீட்டுக்குத்தான் கொடுக்க முடியும். யத்தீம்களைப் பற்றி நாம் மத்ரஸாவில் ஓதியதும் மிம்பரடியில் கேட்டதும் இதைத்தானே? ஓதாத ஒருவர் அதைச் செய்து காட்டினார்.

காக்கி உடையும் நமது வீடுகளும்

இதை வாசிக்கும்போது உங்களில் சிலர் உள்ளுக்குள் வேறொன்றை நினைக்கலாம். “மௌலவி பொலிஸ்காரரைப் புகழ்கிறாரே, புத்தளத்தில் நடந்தது தெரியாதா?” என்று.

தெரியும். 1976 பெப்ரவரி 2ஆம் திகதி புத்தளம் பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் ஏழு முஸ்லிம்கள் மரணித்தார்கள். அந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை புத்தளத்தில் இல்லை. 2019 மே மாதம், முகநூலில் வந்த ஒரு வாசகத்தை வைத்து இதே சிலாபத்தில் தொடங்கிய கலவரம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த நேரத்திலும் கும்பல்கள் திரிந்தன. நமது மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் சகோதரர் வெட்டிக் கொல்லப்பட்டார். சட்டம் நம்மைக் காக்கவில்லை என்ற வேதனை அந்த வீடுகளில் இன்னும் ஆறவில்லை. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2019 மேயில் நாம் எதற்காக ஏங்கினோம்? நமது வாசலுக்கும் அந்தக் கும்பலுக்கும் இடையில் ஒரு ஹேமச்சந்திர நிற்க மாட்டாரா என்றுதானே! இன்ன மதம், இன்ன பாஷை என்று பாராமல், “இவரைக் காப்பது என் கடமை” என்று நிற்கிற ஒருவர். அப்படி ஒருவர் நமக்கு வேண்டுமென்றால், அப்படி நின்று மாண்டவர்களை நாம் மதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கெட்ட பொலிஸ்காரரின் கதையை மட்டும் சொல்லிப் பிள்ளையை வளர்த்தால், நல்ல பொலிஸ்காரர் எப்படி இருப்பார் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பட்டியலின் முதற்பெயர்

இன்னொரு விஷயம் சொன்னால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21ஆம் திகதி பொலிஸ் வீரர் தினமாக நினைவுகூரப்படுகிறது. கடமையில் உயிர்நீத்த எல்லாப் பொலிஸாரையும் நினைக்கும் நாள் அது. ஏன் மார்ச் 21? ஏனென்றால் இந்த நாட்டில் கடமையில் கொல்லப்பட்டதாகப் பதிவாகியுள்ள முதலாவது பொலிஸ்காரர் 1864ஆம் ஆண்டு அந்தத் திகதியில்தான் மாண்டார். அவர் பெயர் சபான். மலாய் இனத்து முஸ்லிம். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலான தீவுகளிலிருந்து இங்கே வந்து, பட்டாளத்திலும் பொலிஸிலும் பெயர் எடுத்த அந்தச் சமூகத்தின் பிள்ளை.

அவரைக் கொன்றவர்களைப் பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரியும். உத்துவன்கந்தை சரதியல்! கண்டிப் பாதையில் மாவனெல்லைக்கு அருகிலிருக்கும் அந்த மலையைப் பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டாத பெற்றோர் உண்டா? பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று கதை. நாடகம் போட்டார்கள், புத்தகம் எழுதினார்கள். மலையடிவாரத்தில் சரதியல் கிராமம் என்று அமைத்து உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். வகுப்பில் நான் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சரதியலைத் தெரியாத பிள்ளை ஒன்றுமில்லை. சபானைத் தெரிந்த பிள்ளையும் ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் இல்லை. 1867இல்தான் ரயில் கண்டியை அடைந்தது. அதற்கு முன் கோப்பி மூட்டைகளும் அரிசியும் உப்பும் துணியும் எல்லாம் மாட்டு வண்டியில்தான். நமது முன்னோர் தவளம் கட்டி, பொதிமாடுகளில் புத்தளத்து உப்பையும் கருவாட்டையும் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள். வழிப்பறிக்காரன் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். கதையில் அவன் வீரன். வண்டியோட்டியின் மனைவிக்கு அவன் யார்? விளக்கேற்றி வைத்துக்கொண்டு விடியும்வரை வாசலைப் பார்த்திருந்த பெண்ணிடம் கேட்டால் அவள் வேறு கதை சொல்லியிருப்பாள்.

1864 மார்ச் 21ஆம் திகதி சரதியல் மாவனெல்லையில் ஒரு வீட்டில் இருக்கிறான் என்று தகவல் கிடைத்துப் பொலிஸார் அங்கே போனார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள். சபான் விழுந்தார். சுட்டவன் சரதியலின் நெருங்கிய கூட்டாளி. அவன் பெயரைக் கேளுங்கள்: மம்மலே மரைக்கார். ஆம், நம்மவன்தான்! கொன்றவனும் முஸ்லிம், கொல்லப்பட்டவரும் முஸ்லிம். இருவரும் பிடிபட்டார்கள். கண்டியில் விசாரணை நடந்தது. அதே ஆண்டு மே 7ஆம் திகதி சரதியலும் மரைக்காரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

பெயரைப் பார்த்து நம்மவன், பிறத்தியான் என்று பிரிக்கும் வழக்கத்துக்கு மாவனெல்லையில் அன்றே விடை கிடைத்துவிட்டது. ஒரே கலிமாவைச் சொன்ன இருவரில் ஒருவர் வழிப்போக்கர்களின் உயிருக்கும் உடைமைக்கும் காவலாக நின்றார். மற்றவன் கொள்ளைக்காரனின் கூட்டாளியாக நின்றான். நாம் யாருடைய பக்கம் என்று பெயர் சொல்லாது. நிற்கும் இடம் சொல்லும்.

சபானுக்குப் பின்னால் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. 1990 ஜூன் 11ஆம் திகதி கிழக்கு மாகாணத்தில், மேலிடத்துக் கட்டளைப்படி புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். கடமையில் மாண்டவர்களில் நமது பிள்ளைகளும் உண்டு என்பதை இந்த நாட்டுக்கு நாம் எடுத்துச் சொல்வதும் இல்லை. நமது பிள்ளைகளுக்குச் சொல்வதும் இல்லை.

வவுணதீவும் வனாத்தவில்லும்

பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 30ஆம் திகதி அதிகாலையில் மட்டக்களப்பு வவுணதீவில் காவலரணில் கடமையிலிருந்த இரண்டு கான்ஸ்டபிள்மார் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஒருவர் நிரோஷன் இந்திக, சிங்களவர். மற்றவர் கணேஷ் தினேஷ், தமிழர். முதலில் முன்னாள் புலிகள்மீது சந்தேகம் விழுந்தது. ஒரு முன்னாள் போராளி மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகுதான், வவுணதீவில் கொன்றது சஹ்ரானின் கூட்டத்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. குற்றமற்றவர் அதன் பின்னரே வெளியில் வந்தார்.

இடையில் நடந்ததும் நமது மாவட்டத்துக்கு நெருக்கமானது. 2018 டிசம்பரில் மாவனெல்லைப் பகுதியில் புத்தர் சிலைகளைச் சேதப்படுத்தியவர்களைத் தேடிப்போன குற்றப் புலனாய்வுத் துறையினர், 2019 ஜனவரியில் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? புத்தளத்துக்கு வடக்கே வனாத்தவில்லு. அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிபொருளைக் கண்டெடுத்தார்கள். அந்தத் தேடலில் பொலிஸாருக்கு உதவியவர்களில் மாவனெல்லையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரரும் இருந்தார். அதற்கான விலையாக, அந்த மார்ச் மாதம் அவர் வீட்டில் மனைவி பிள்ளையோடு தூங்கிக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார்.

சபான் விழுந்த அதே மாவனெல்லை. 155 ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒரு முஸ்லிம், சட்டத்தின் பக்கம் நின்றதற்காக, முஸ்லிம் பெயர் தாங்கியவர்களாலேயே சுடப்பட்டார். ஏப்ரலில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு நாடு முழுவதும் நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. நமது பெண்கள் ஆடையைக் காட்டி அவமதிக்கப்பட்டார்கள். அப்போது நாம், “நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்” என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். உண்மைதான். ஆனால் அதை வாயால் சொல்வதைவிட இந்தச் சகோதரர் தன் இரத்தத்தால் சொல்லிவிட்டார். அவரையும் நாம் போதிய அளவு கொண்டாடவில்லை.

தாய்மார்கள் செய்யக்கூடியது

இதெல்லாம் ஆண்களின் விவகாரம் என்று தள்ளிவிடாதீர்கள். முதல் மத்ரஸா உங்கள் மடிதான்.

பிள்ளைக்குச் சரதியலின் கதையைச் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சபானின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலையைக் காட்டும்போது, “இங்கேதான் ஒரு முஸ்லிம் பொலிஸ்காரர் ஊரைக் காக்கப்போய் மரணித்தார்” என்றும் காட்டுங்கள். சிலாபத்தைக் கடக்கும்போது ஹேமச்சந்திரவின் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளையின் மனதில் வீரன் என்ற சொல்லுக்கு எந்த முகம் பதிகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ கடமையில் மாண்ட ஒருவரின் விதவை இருக்கலாம். நமது சகோதரியாக இருக்கலாம். சிங்கள, தமிழ், கத்தோலிக்கப் பெண்ணாகவும் இருக்கலாம். மரண வீட்டுக்கு முதல் மூன்று நாளும் ஊரே போகும். மூன்றாம் மாதம் யார் போகிறார்கள்? அப்போது போங்கள். பெருநாள் சாப்பாட்டில் ஒரு பங்கு கொண்டுபோங்கள். பிள்ளையின் படிப்பு எப்படி என்று கேளுங்கள். நீதிபதி செய்ததில் நமது சக்திக்கு உட்பட்ட பங்கு அது.

அரசாங்க வேலையிலிருப்பவர்களின் மனைவிமாருக்கு ஒரு வார்த்தை. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத் திட்டம் உங்களுக்காகவே இருக்கிறது. ஆனால் விவாகப் பதிவுச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் ஒழுங்காக இல்லாவிட்டால் பிரதேச செயலகத்துக்கு அலைந்தே கால் தேய்ந்துவிடும். நிக்காஹ் நடந்தது, ஊரறியும் என்று சொல்லிப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். இத்தா இருக்கும் பெண்ணுக்குக் கடதாசி தேடித் திரிகிற கஷ்டத்தை வைக்காமல், எல்லாவற்றையும் ஒரே உறையில் இட்டு, இருக்குமிடத்தைக் கணவனும் மனைவியும் இருவரும் தெரிந்துவைத்திருங்கள்.

கடைசியாக, உங்கள் மகன் பொலிஸில் சேர விரும்பினால், மகள் விரும்பினால்கூட, உடனே மறுத்துவிடாதீர்கள். 1952 முதல் இந்த நாட்டுப் பொலிஸில் பெண்களும் இருக்கிறார்கள். அடிபட்டு, அழுதுகொண்டு பொலிஸ் நிலையத்துக்கு வரும் நம் பெண்ணுக்கு அங்கே தமிழில் பேசி ஆறுதல் சொல்ல ஒரு பெண் உத்தியோகத்தர் இருந்தால் எவ்வளவு நல்லது! அந்தக் கதிரையில் நமது பிள்ளையை உட்கார அனுமதிக்காமல், அது காலியாக இருக்கிறதே என்று குறைப்படுவது என்ன நியாயம்?

காவல் ஓர் அமானிதம். உறங்குகிற ஊருக்காக விழித்திருக்கிற கண்ணின் மதிப்பை நம் மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அந்தக் கண் எந்த வீட்டுப் பிள்ளையின் கண் என்று பாராமல் மதிக்கப் பழகுவோம். அது மூடிய பின், அவர் விட்டுப்போன வீட்டின் கதவைத் தட்டிச் சுகம் விசாரிக்கவும் பழகுவோம்.